இரண்டு மாடிகளுக்கு நடுவே

கம்பியை எனக்குத் தெரியும்.
ஆறு புரி, புரிக்குப் பத்தொன்பது இழை,
நடுவில் எண்ணெய் குடித்த நார்.
கீத்தோ நகரத்து அடுக்குமாடிகளில்
இருபத்திரண்டு வருடமாய்
மேலும் கீழும் அதனோடுதான் பிழைப்பு.
லிஃப்ட் மெக்கானிக்.

அதனால்தான் மிந்தோவில்
எல்லோரும் காட்டைப் பார்த்துக்கொண்டிருக்க
நான் மரத்தைச் சுற்றிய கவ்விகளை எண்ணினேன்.
மூன்று. முறுக்கு சரி. துரு இல்லை.
"திருப்தியா?" என்றாள் நார்சிசா.
பஸ் நிலையத்தில் யாரோ பீய்ச்சிய கார்னிவல் நுரை
அவள் காதோரம் இன்னும் இருந்தது.

யாண்ட்ரிக்கு இருபது வயது இருந்தால் அதிகம்.
மூட்டை கட்டுகிறவனின் அக்கறையோடு
என் இடுப்புப் பட்டையை இழுத்து இறுக்கினான்.
"இது குழந்தைக் கம்பி. எண்பதே மீட்டர்.
முதல்முறை வருகிறவர்களுக்கென்றே கட்டியது.
நீங்க ஒன்றும் செய்ய வேண்டாம், உட்கார்ந்தால் போதும்.
அந்தப் பக்கம் என் அக்கா கையைத் தூக்குவாள்,
அப்போது மட்டும் கம்பியை அழுத்துங்க.
முன்னாடியே அழுத்திடாதீங்க."

டாமரிஸ் போனாள். ஒன்பது வயது.
ஒரு சிரிப்பு மட்டும் அக்கரை போய்ச் சேர்ந்தது.
நார்சிசா போனாள்,
கண்ணை மூடிக்கொண்டு, மாதாவோடு பேரம் பேசியபடி.

பிறகு நான்.
பலகை காலை விட்டது.
காற்று வாய்க்குள் வந்தது. தலைக்கு மேல் சக்கரம்
தையல் மெஷினாய்ப் படபடத்தது.
என் கை என்னைக் கேட்கவில்லை.
பிரேக் பிடித்தே பழகிய கை.

நின்றுவிட்டேன்.
பள்ளத்துக்கு மேலே, நட்டநடுவில்,
யாரோ எடுக்க மறந்த சட்டை மாதிரி.

"அசையாதீங்க சார்! இதோ வர்றேன்!"

அது என்னுடைய வசனம்.
கதவிடுக்கில் வாயை வைத்து
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!
பல் டாக்டருக்கு, பீட்சா கொண்டுவந்த பையனுக்கு,
பதினோராம் மாடி செனோரா இத்துர்ரால்தேவுக்கு.
"அஞ்சே நிமிஷம்மா."
வெளியே வந்ததும் கடிகாரத்தைக் காட்டினாள்:
"பதினேழு."
நான் பதிவேட்டில் ஐந்து என்றே எழுதினேன்.

கீழே ஆறு கேட்டது, தெரியவில்லை.
மேகம் ஒன்று இடப்பக்கமாய் வந்து
என் முழங்காலை நனைத்து
வலப்பக்கமாய்ப் போனது.
கைக்கெட்டும் தூரத்துக் கிளையில்
அன்னாசி ஜாதிச் செடி ஒன்று,
இலைக் குழியில் ஒரு டம்ளர் தண்ணீர்.
மழையிலிருந்து நேரே வந்து
தரையையே பார்க்காத தண்ணீர்.
அதற்குள் ஏதோ நெளிந்தது,
புழுவோ, தலைப்பிரட்டையோ.
அதுவும் அங்கேதான் குடியிருந்தது.

டூக்கன் ஒன்று வந்து அமர்ந்தது.
பெரிய அலகைத் திருப்பி
ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது.
மறுபக்கம் திருப்பி
மற்றக் கண்ணால் சரிபார்த்தது.
பழமில்லை என்று தெரிந்ததும் போய்விட்டது.

கம்பியில் கைமாற்றிக் கைமாற்றி
யாண்ட்ரி வந்து சேர்ந்தான், மூச்சுகூட வாங்காமல்.
"எவ்வளவு நேரமாச்சு?"
"நாலு நிமிஷம் சார்."
நான் நம்பவில்லை.

இன்னும் எட்டுக் கம்பிகள் இருந்தன.
ஒன்றிலும் கை தவறவில்லை.
கத்தினேனாம், நார்சிசா சொல்கிறாள்.
ஒன்றும் ஞாபகமில்லை, பச்சையாய் ஏதோ ஓடியது.
"எதுப்பா உனக்குப் பிடிச்சது?"
ஐஸ்கிரீம் முழங்கைவரை ஒழுக டாமரிஸ் கேட்டாள்.
"நின்னது," என்றேன்.
அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், பஸ் கிளம்பும்வரை.

புதன்கிழமை காலை வேலைக்கு வந்தால்
ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே ஒருவர்.
இடுக்கில் வாயை வைத்தேன்.
வசனம் வரவில்லை.
"உள்ளேயிருந்து என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"செங்கல்," என்றது ஒரு குரல்.
பிறகு,
"ஒண்ணுல யாரோ பேர் எழுதியிருக்காங்க."

"படிங்க," என்றேன்,
பையில் சாவியைத் துழாவிக்கொண்டே.