திருத்தச் சீட்டு

சந்தானகோபாலன் வக்கீலிடம்
எனக்கு வேலை பசை தடவுவது.

திருத்துறைப்பூண்டி கோர்ட்டுக்கு எதிரே
சைக்கிள் கடை மாடி.
தபாலில் சீட்டுகள் வரும்:
இந்த வரிக்குப் பதிலாக இந்த வரி,
இந்தச் சொல்லுக்குப் பின் இந்தச் சொல்.
கத்தரித்து, மைதாவைக் காய்ச்சி
நாட்டின் அரசியல் சட்டத்தில் ஒட்ட வேண்டும்.
எட்டாம் வகுப்போடு நின்றவன் நான்.
ஒரு வரியைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன் ஒருமுறை.
மூன்று மாதம் யாரும் கவனிக்கவில்லை.

உச்சவரம்பு வந்த வருஷம்
மேலப்பண்ணையில் இரவோடிரவாகக் குடும்பம் பெருகிற்று.
பிறக்காத பேரனுக்குப் பத்து மா,
செத்துப்போன அத்தைக்கு ஒரு வேலி,
மீதி அன்னசத்திரத்துக்கு. அந்தச் சத்திரத்தில்
அடுப்பு புகைந்து நான் பார்த்ததில்லை.

சட்டம் செல்லாது என்றது நீதிமன்றம்.
தில்லியில் சட்டத்துக்கு மேலிருந்த சட்டத்தைத் திருத்தினார்கள்.
"ஒன்பதாம் அட்டவணை. இதுக்குள்ள போயிட்டா
எந்தக் கோர்ட்டும் தொட முடியாதுடா."
நாலு மூலையும் அமுக்கி ஒட்டினேன்.
அப்புறம் ஒரு தீர்ப்பு,
தொடலாம் என்பதுபோல.
தீர்ப்புக்குச் சீட்டு வராது.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

எங்கள் கட்சிக்காரி மாரிக்கண்ணு.
சத்திரத்து நிலம் பதினோரு மா, அவள் சாகுபடி.
வாய்தாவுக்கு வாய்தா
வாய்க்கால் கரையோடு நாலு மைல் நடந்து வருவாள்.
மேட்டூர்த் தண்ணீர் கடைமடை சேர இருபது நாள்,
சட்டம் சேர இருபது வருஷம் என்று
வக்கீல் ஜூனியரிடம் வசனம் பேசுவார்.
அவளிடம் ஃபீஸ் வாங்கமாட்டார்.
நெல் வாங்கிக்கொள்வார்.

எழுபத்தாறில் வந்தது ஒரு பெரிய கட்டு.
அரை டின் பசை. புத்தகம்
சினையாடு மாதிரி வயிறு வைத்தது.
இரண்டே வருஷம்,
அதை எடு, பழையதை வை என்றார்கள்.
டீக்கடைக் கெட்டில் ஆவியில் காட்டி
ஒவ்வொன்றாய் உரித்தேன்.
சில இடங்களில் அடியில் இருந்த எழுத்தும்
கூடவே வந்துவிட்டது.

பெஞ்சில் காத்திருந்தவள் சொன்னாள்:
"மயில்துத்தம் போடுங்க தம்பி.
எங்க வூட்டுக்காரரு செங்கொடிக்குச் சுவரொட்டி ஒட்டுனப்ப
போடுவாரு. மாடு நக்காது, பூச்சி அரிக்காது."

அந்த ஆனியில் இன்னொன்று வந்தது.
சொத்துரிமை இனி அடிப்படை உரிமை இல்லையாம்.
முப்பத்தொன்று நீக்கம். ஒட்ட ஒன்றுமில்லை,
ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு.
முந்நூறுக்குப் பின்னால் ஒரு 'அ' நட்டு
சொத்தை அங்கே தள்ளிவிட்டார்கள்.
மாரிக்கண்ணுவிடம் சொன்னேன்.
"எங்கிட்ட எப்ப இருந்துச்சு, எடுக்குறதுக்கு?"
சிரித்துவிட்டு வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள்.

விசாரணையன்று மேஜைமேல் இரண்டு புத்தகங்கள்.
சத்திரத்து வக்கீலுடையது மெலிசு, புது அச்சு,
தாள் இன்னும் பிரியவில்லை.
எங்களுடையது மூடாது. நூல் கட்டியிருந்தேன்.
எதைப் பார்ப்பது என்று அதிகாரி கேட்டார்.
இரண்டு பேரும் எழுந்து ஒரே நேரத்தில் பேசினார்கள்.
மின்விசிறியில் என் சீட்டு ஒன்று பறந்து
டவாலி காலடியில் விழுந்தது.
எந்தப் பக்கத்துச் சீட்டு என்று எனக்கே தெரியவில்லை.

புரட்டாசிக்கு வாய்தா.
அதுவரை நிலத்தில் இறங்கக்கூடாது, இரு தரப்பும்.

படியிறங்கும்போது கேட்டேன்,
என்ன செய்யப்போறீங்க?
"தண்ணி வந்துருச்சுல்ல," என்றாள்,
"நேத்தே நாத்து விட்டாச்சு."

உரக்கடையில் எட்டணாவுக்கு
மயில்துத்தம் வாங்கிக்கொண்டு மாடியேறினேன்.