மீசை மழித்த கரை

வெள்ளைக்காரர் காலில் முள்ளேறுதாம்.
நாளுக்கு ரெண்டாயிரத்து இருநூறு,
பகல் சோறு ஹோட்டல்காரருடையது.
கோமாரியில் அந்த மாசி மாதம்
வேறு வேலை இருக்கவில்லை.
மண்வெட்டியோடு பதினொரு பேர் போனோம்.

இராவணன் மீசையைச் சும்மா பிடுங்க முடியாது.
இலை முனை ஒவ்வொன்றும் ஊசி.
கிருபாவதி கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டாள்,
நான் மகனின் பழைய பள்ளிச் சப்பாத்துக்குள்
காலை நுழைத்துக்கொண்டேன்.
ஒரு கொடியைத் தூக்கினால்
கரைவலைக் கயிறு மாதிரி
மணலுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது,
கணுவுக்குக் கணு ஒரு பிடி வேர்,
வேரில் ஈர மணல் கட்டி கட்டியாய்.
இருபத்திமூன்று எட்டு நடந்தேன்.
முடியவில்லை. அறுத்தேன்.

தோண்டிய குழிக்குள் பார்த்தால்
இந்த வருசத்துப் புல்லுக்குக் கீழே
போன வருசத்துப் புல்.
அதற்கும் கீழே இன்னொன்று.
காற்று மூட மூட
கிணற்றில் விழுந்தவன் படியேறுவது போல்
ஏறி வந்திருக்கிறது.

அதில் ஆண் வேறு, பெண் வேறு.
நாங்கள் வெட்டியதில் பெண்தான் அதிகம்.
பெண்புல்லின் காய் ஒரு முள்ளுப் பந்து,
பிள்ளைத் தலைப் பருமன்,
ஊதினால் போய்விடும் கனம்.
குவித்து வைத்த இடத்திலிருந்து
ஒன்று உருண்டது, பின்னால் இன்னொன்று,
பத்துத் தலை, நூறு தலை,
கரை நெடுகத் தெற்கே ஓடின.
"வெட்ட வெட்ட முளைக்குமாம் அவன்ர தலை"
என்றாள் கிருபாவதி.
"அது கதையில. கெதியா அள்ளுங்க"
என்றார் மேஸ்திரி.

அடம்பங்கொடியையும் சேர்த்துத்தான் உரித்தோம்.
திரண்டால் மிடுக்கு என்பார்கள்.
லெவ்வைத்தம்பியின் ட்ரக்டர் பெட்டிக்குள்
திரண்டுதான் கிடந்தது.

அதன்பிறகு கரை
மழித்த மேலுதடு மாதிரி வெளிறிப்போனது.
நீலக் குடைகள் நட்டார்கள்.
யாரோ கல்யாணப் படம் எடுத்தார்கள்.

கார்த்திகை. வாடை.
முன்பு திட்டில் முட்டி இறங்கிவிடும் மணல்
இப்போது மறிக்க ஆளில்லாமல்
குடைகளுக்கடியால் புகுந்து
வரவேற்பு மேசையில் ஏறி
நீச்சல் குளத்தில் இறங்கியது.
எங்களைக் கூப்பிட்டார்கள்.
குளத்திலிருந்து மணல் அள்ள.
அதே கூலி.

மார்கழியில் ஓரிரவு
அலை ஆறு தென்னையைத் தின்றது.

என் வளவு ரோட்டுக்கு இந்தப் பக்கம்.
தைப்பொங்கலன்று பானையில் பால் திரிந்தது.
கிணற்றுத் தண்ணீரை நக்கிப் பார்த்தேன்:
கரிப்பு.
பானை, புல் வெட்டிய காசில் வாங்கியது.

பிரதேச செயலகத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தா,
சிவநந்தினி, வெயிலில் முகம் கன்றி.
மணல் திட்டு மழையைக் குடித்து
உப்புத் தண்ணீருக்கு மேலே
நல்ல தண்ணீரை ஏந்தி வைத்திருந்ததாம்,
உள்ளங்கையில் எண்ணெய் ஏந்துவது போல.
பாதிக்கப்பட்டோர் பட்டியலில்
என்னிடம் கையெழுத்து வாங்கினா.
வெட்டியோர் பட்டியல்
அவவிடம் இருக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

மறுகா மாசி.
இன்று மனேஜர் கையை நீட்டிக் காட்டினார்.
புதிதாய் அடித்த கம்பிவேலியில்
சிக்கிக் கிடக்கின்றன முள்ளுத் தலைகள்.
திருக்கோவில் பக்கம் எங்கோ
யாரும் மழிக்காத கரை
இன்னும் மிச்சமிருக்கிறது போல.
குனிந்து பார்த்தேன்.
ஒவ்வொன்றின் முதுகுக்குப் பின்னாலும்
ஒரு சாண் மணல்
ஓடாமல் படுத்திருந்தது.
அதில் ஒரு நண்டு வளை,
வாசலில் ஈரமண் உருண்டைகள்.

"குளத்து மணல அள்ளுங்க" என்றார்.
அள்ளினேன்.
எங்கே கொட்டுவதென்று அவர் சொல்லவில்லை.
கம்பியோரமாய்க் கொட்டினேன்,
தலை மறையுமட்டும்.