ஒன்றரை அடி

பத்துத்தூண் சந்து முக்கில்
என் பன்னிரண்டு அசுரன்மாரும்
பல்லை இளித்தபடி கயிற்றில் ஆடுகிறார்கள்.
பழைய நோட்டுத்தாள், மைதாப் பசை,
பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம்.
மீசைக்குத் தேங்காய் நார்.
நாக்கு மட்டும் பஞ்சர் கடை டியூப்,
சிவப்பு அடித்தது.

பக்கத்துக் கடை ரம்ஜான் பீவி.
வயர்கூடை, கம்பளிப் பின்னல், மேசை விரிப்பு.
ஆடி மாசத்திலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.
நடைபாதையில் ஒன்றரை அடி.
செங்கல்லை நகர்த்தியது அவள் என்பேன் நான்.
செங்கல்லே இருந்ததில்லை என்பாள் அவள்,
என்னிடம் அல்ல,
டீ கொண்டுவரும் பையனிடம்.

ஆனாலும் நான் ஒதுங்கப் போகிற பத்து நிமிடத்தில்
என் சரக்குக்கு விலை சொல்வது அவள்தான்.
"நூத்தி எம்பது. கொறைக்க மாட்டா. அவ அப்பிடித்தான்."
வாங்கிய காசை என் தட்டில் போட்டு,
காற்றில் பறக்காமலிருக்க
மேலே ஓர் அசுரனைக் கவிழ்த்து வைப்பாள்,
முகம் தரையைப் பார்க்க.

ஐப்பசி பிறந்து, மழை விட்ட ஒரு மதியம்
காரைவிட்டு இறங்கினாள் ஒரு பெண்.
கோச்சடையில் எட்டாவது மாடியாம்.
மாசக் கடைசியில் பிள்ளைகளுக்குப் பேய்த் திருவிழாவாம்,
ஹாலோவீன் என்றாள்.
"வீடே பயமுறுத்தணும்க்கா.
பன்னெண்டும் எடுத்துக்கறேன். சிலந்தி வலை செய்வீங்களா?"

எனக்கு வலை பின்னத் தெரியாது.
தெரிந்தவள் ஒன்றரை அடி தள்ளி
தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, வலைக்கு என்ன ரேட்டுன்னு
பக்கத்துல கேளு" என்றேன்.
தம்பி கேட்டான்.
"பெருசு இருநூறு, சிறுசு நூறுன்னு சொல்லு.
மொகம் கிகமெல்லாம் நா செய்ய மாட்டேன்.
சிலந்திக்குக் கண்ணு வேணும்னா
அவளையே வைக்கச் சொல்லு."
டீத்தட்டோடு அவன் என் பக்கம் திரும்பினான்.
"வேணாம்டா, கேட்ருச்சு."

அப்படி ஆறு நாள்.
கறுப்பு வயரை வளைத்து எட்டுக் கால் கட்டி
அவள் இந்தப் பக்கம் உருட்டிவிடுவாள்.
நான் சோழி ஒட்டி, மை தொட்டுக்
கண் திறப்பேன்.
நாலாவது சிலந்தியில்
"மாறுகண்ணாப் போச்சே ஒச்சம்மா" என்றாள்.
டீப் பையன் ஊரிலேயே இல்லை அன்றைக்கு.

கோச்சடையில்
வாட்ச்மேன் எங்களைச் சாமான் லிஃப்டில் ஏற்றினான்.
ஸ்டூல் மேல் அவள், ஸ்டூலைப் பிடித்தபடி நான்.
ஃபேனிலிருந்து ஜன்னல் வரை வலை.
எங்கள் கால்தடம் காய்வதற்குள்
பின்னாலேயே வந்து துடைத்தாள் ஒருத்தி.

என் அசுரன்மார்
பிறந்ததிலிருந்து தெருவைத்தான் பார்ப்பார்கள்.
பூசாத வீட்டின் நெற்றியில் தொங்கி
போகிற வருகிற கண்ணையெல்லாம்
வாங்கிக்கொள்வது அவர்கள் வேலை.
இங்கே பன்னிரண்டு பேரும்
சோபாவைப் பார்த்துத் தொங்கினார்கள்.
சோறு போட்ட வீட்டையே முறைப்பதுபோல.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஒரு சின்னப் பயல்
நாக்கைப் பிடித்து இழுத்தான்,
வீல் என்று கத்தி ஓடினான்,
மறுபடி வந்து இழுத்தான்.
லாரி டியூப். அறாது.

கிளம்பும்போது ஒருத்தனை மட்டும்
பால்கனிப் பக்கம், வைகை தெரிகிற பக்கம்
திருப்பிவிட்டேன்.
பீவி பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
கயிறு முறுக்கிக்கொண்டு மறுபடி உள்ளே திரும்பாதபடி
தன் கம்பளி நூலால் ஒரு சுற்றுச் சுற்றி
இறுக்கி முடிந்தாள்,
முதுகுப் பக்கமாக நின்று.

பணம் அவள் மகன் போனுக்கு வந்தது.
ஷேர் ஆட்டோவில் பிரித்துக்கொண்டோம்.
சில்லறை இல்லாமல்
என் பத்து ரூபாய் இன்னும் அவளிடம் நிற்கிறது.

சிம்மக்கல் தாண்டும்போது கேட்டேன்,
"ஏன் பீவி, அந்தச் செங்கல்லு..."

"எந்தச் செங்கல்லு?" என்றாள்,
மடியில் மிஞ்சிய மாறுகண் சிலந்தியை
மழைச்சாரல் படாமல்
முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு.