தசம் ஒன்று

பறப்புக் கொப்பியில்
மணித்தியாலத்தைப் பத்தாய் வெட்டி எழுதுவோம்.
தசம் ஒன்று என்றால் ஆறு நிமிடம்.
அந்த ஆறு நிமிடத்துக்கு
தெஹிவளை மருந்துக்கடையில்
இரண்டு நாள் பனடோல் எண்ண வேண்டும்.

பத்தொன்பது தசம் ஆறு வரைக்கும்
என் வலப்பக்கம் கப்டன் நுவந்திகா.
என்னைவிட இரண்டு வயது இளையவள்.
இடிக்கும் முழங்கை, இஞ்சி பிஸ்கட் வாசம்.
"வலது கால். வலது கால். எங்கே உன் வலது கால்?"

இன்று காலை
இறக்கையின் அடியில் சின்னக் குவளையில்
எரிபொருள் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கினேன்.
நீலம்.
அடியில் உளுந்தளவு தண்ணீர்.
இராத்திரி மழை உள்ளே வந்து படுத்திருக்கிறது.
ஊற்றிவிட்டு மறுபடி பிடித்தேன்.
நீலம் மட்டும்.

மூன்று தரம் ஏறி இறங்கினோம்.
பிறகு, இஞ்சின் ஓட ஓட, கதவைத் திறந்தாள்.
"ஒரு சுற்று. ஒன்றே ஒன்று."
வெறும் சீற்றுக்கு பெல்ட்டைக் கட்டிவிட்டு
தொப்பியைப் பிடித்தபடி
இரத்மலானைப் புல்லில் நடந்து போனாள்.
திரும்பிப் பார்க்கவேயில்லை.

செஸ்னாவுக்கு உடனே தெரிந்துவிட்டது
அறுபத்தொரு கிலோ இல்லையென்று.
நான் கேட்பதற்கு முன்னமே எழும்பிற்று.
காலி வீதி,
ஒரு 101ஆம் இலக்க பஸ்சின் முதுகு,
தண்டவாளம்,
பிறகு தடாரென்று முழுக்கடல்.

டவரோடு ஆங்கிலம்.
செக்லிஸ்ட்டோடு ஆங்கிலம்.
இடப்பக்கம் சரிந்து திரும்பும்போது
வாயில் வந்தது தமிழ்,
அச்சில் ஏற்ற முடியாத தமிழ்.
கேட்க அந்த பெல்ட் மட்டும் இருந்தது.

வெரஸ் கங்கைக்கு மேலால் சுற்றி
பாதைக்கு நேரே வந்தபோது
கீழே போருபன.
அந்தத் தகரக் கூரைகளில் ஒன்று எங்கள் அனெக்ஸ்.
எதுவென்று தேட நேரமில்லை.
அம்மா முல்லைத்தீவில் வளர்ந்தவள்.
வானத்தில் இரைந்து வருவதற்கெல்லாம்
அவளிடம் ஒரே சொல்: பொம்மர்.
என்னை மறிக்கவில்லை.
எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்பாள்.
சத்தம் கேட்டால்
அது யாருடையது என்று தெரியவேண்டுமாம்.
எட்டே கால் என்று சொல்லியிருந்தேன்.
மணிக்கூட்டில் எட்டு இருபத்திரண்டு.
ஏழு நிமிடம் அவள் என்ன செய்தாளோ.

வேகம் அறுபது. அறுபத்திரண்டு. அறுபது.
ஓடுபாதை அகன்று அகன்று வந்தது.
சக்கரம் தொட்டது.
விட்டது.
தொட்டது.
கணக்கில் அது ஒரு இறக்கம்தான்.

ஃபாஹிமும் மெக்கானிக் ரொட்ரிகோவும்
ஹங்கர் பைப்பில் பிடித்து வைத்திருந்த
இரும்பு மணக்கும் தண்ணீரை
ஒரு வாளி முழுதாய் என் தலையில் கவிழ்த்தார்கள்.
இங்கே வழக்கம்.
கப்டன் கொப்பியைத் தள்ளிப் பிடித்து எழுதினாள்.
தசம் ஒன்று.
அந்த ஒன்று கொஞ்சம் சரிந்திருந்தது.

"வந்திட்டன்" என்று போனில் சொன்னேன்.
"கேட்டது" என்றாள் அம்மா.
"வெங்காயம் வாங்கிக்கொண்டு வா."

பத்து மணிக்குக் கடை.
காலி வீதியில் ஒரு துளி மழையில்லை.
சீற்று நனையும், நில் என்றான் கொண்டக்டர்.
நின்றேன்.
முன்னால் போகும் பஸ்சை முந்த
டிரைவர் வெட்டும்போதெல்லாம்
என் வலது கால்
தன்பாட்டில் அமத்தியது.