இரண்டு தசம் எட்டு

வைத்தியர் திரையில் கோடு இழுத்து அளந்தார்
என் பழைய தையலின் தடிப்பை.
இரண்டு தசம் எட்டு மில்லிமீற்றர்.
இரண்டு யூரோக் குற்றியை விடக் கொஞ்சம் கூட.
அதை நம்பித்தான்
உனக்கு வாசல் விடலாமா என்று
மூன்று பேர் என் முன்னால் பேசினார்கள்.

வியாழன் காலை ஏழரை வரை தவணை.
அதற்குள் நீயாக வந்தால் வா,
இல்லையென்றால் கத்தி,
அண்ணனுக்கும் அக்காவுக்கும் திறந்த அதே கோட்டில்.

குளிசை வைத்து நோவை எழுப்ப மாட்டார்களாம்.
தையல் விட்டுவிடக்கூடும்.
ஆமணக்கெண்ணெய் பற்றிக் கேட்டேன்.
மருத்துவிச்சி யாட்றங்கா பேனையை மூடிவைத்தாள்.
"உனக்கு இல்லை. இந்த வயிற்றுக்கு இல்லவே இல்லை."
அவளுடைய தாளில் மிஞ்சியது
பேரீச்சம்பழம், ராஸ்பெரி இலைத் தேநீர், நடை, படிகள்,
கடைசியில் சின்ன எழுத்தில்
புருசன்.

பாரிஸ் மாமி அன்னாசி என்கிறாள்.
ஒன்பது மாதமாக
அன்னாசிப் படம் போட்ட ஜூஸ் பெட்டியைக்கூடத் தொடவிடாதவள்
இப்போது, "முழுசா வெட்டித் தின், தண்டோட."
தின்றேன். நாக்கு வெந்தது.
உனக்கு விக்கல் வந்தது, அவ்வளவுதான்.

வுப்பர்ட்டாலில் தெரு முடிகிற இடத்தில் படி தொடங்கும்.
நூற்றிமூன்று வரை எண்ணினேன்.
கைப்பிடியில் மழை.
வெற்றுப் பீர்ப்போத்தல் பொறுக்குகிறவர் ஒதுங்கி நின்று
"இரட்டையா?" என்றார்.
ஒன்றுதான். பிந்திவிட்டது.
"ரயிலும்தான்" என்றார்.

கஜரூபன் பேக்கரியில் இரவு வேலை முடித்து
மாவு மணத்தோடு ஐந்து மணிக்கு வந்தான்.
தாளின் கடைசிச் சொல்லை வாசித்தான்.
சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.
பக்கவாட்டில், பிள்ளைகள் எழும்பாமல்,
எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.
தையலில் பட்டதும் அவன் கை நின்றது.
"நோகுதா?"
இல்லை. அங்கே ஒன்றுமே தெரியாது.
முதல் கீறலிலிருந்து
இரண்டு விரல் அகலத்துக்கு
எனக்கு நானே மரத்துப்போயிருக்கிறேன்.

பிள்ளை சுகமாய் வந்தால் போதாதா என்கிறார்கள்.
போதும்.
ஆனால் இரண்டு தடவையும்
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் யாரோ வேலை செய்ய
இந்தப் பக்கம் நான் கூரை விளக்குகளை எண்ணினேன்.
எட்டு. அதில் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.
வந்துவிட்டது என்று
எனக்கு வேறு யாரோதான் சொன்னார்கள்.

வியாழன். வெறும் வயிறு.
பிள்ளைகள் கீழ்வீட்டுக் குல்டெனின் சோபாவில்.
ஆற்றுக்கு மேலே தொங்கும் ரயிலில்
பெட்டியை மடியில் வைத்தபடி கஜரூபன்
யன்னலில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.
க்ளூஸே தாண்டியதும்
ஏதோ ஒரு கை இடுப்பை இறுக்கிப் பிடித்து விட்டது.
வளைவில் பெட்டி ஆடியது என்று நினைத்தேன்.
லோஹர் பாலத்தில் மறுபடி.
மூன்று தரிப்பிடம்.
"என்ன?"
"பேசாதே, எண்ணுறன்."
ஆல்ட்டர் மார்க்டில் இறங்க எழுந்தபோது
கம்பியை விட முடியவில்லை.
பள்ளிக்கூடப் பை மாட்டிய ஒரு பெடியன்
கதவு மூடாமல் காலை நீட்டி வைத்திருந்தான்.

வயிற்றில் பட்டி கட்டினார்கள்.
தாளில் மலை, பள்ளம், இன்னொரு மலை.
வைத்தியர் மணிக்கூட்டைப் பார்த்தார், ஏழு இருபது.
தாளைப் பார்த்தார். என்னை.
சத்திரசிகிச்சை அறைக்குத் தொலைபேசி எடுத்து
அடுத்த பெண்ணைக் கூப்பிடச் சொன்னார்.
"கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம்."
முடியும் என்று சொல்லவில்லை.
முடியாது என்றும் சொல்லவில்லை.

கோட்டுப் பைக்குள்
நேற்றைய பேரீச்சங்கொட்டை ஒன்று விரலில் ஒட்டியது.
அடுத்தது வருகிறது.
மரத்துப்போன அந்த இரண்டு விரல் அகலத்துக்குக் கீழே,
நல்ல ஆழத்தில்,
தெரிகிறது.

மெல்ல வா, பிள்ளை.
இரண்டு தசம் எட்டுத்தான்.