பொருட்களின் பட்டியலுக்கு

இன்னாசியின் கட்டிலை
நாலு பக்கமும் படமெடுத்து அனுப்பச் சொன்னது கம்பெனி.

ஜுபைல் முகாம், அறை பதினேழு, மேல் அடுக்கு.
ஏணியில் நின்று கைபேசியை நீட்டினேன்.
திரையின் மஞ்சள் சதுரம்
முகம் தேடி அலைந்தது,
போர்வையில்,
பாதி தீர்ந்த கோடாலித் தைலத்தில்,
பிளக்கில் விட்டுப்போன சார்ஜரில்.
கடைசியில்
கொக்கியில் தொங்கிய நீலச் சீருடையின்
காலருக்கு மேலே போய் நின்று
பச்சையானது.

அசையாதே என்றேன்,
பழக்கத்தில்.

ஏழு படம் போதும் என்றார்கள்.
எட்டாவதை அனுப்பவில்லை.
தலையணையில் ஒரு குழி, அவ்வளவுதான்,
அதுவும் கை ஆடி மங்கல்.

மேல் அடுக்குக்கு ஆள் வந்தாச்சு.
பீகார்க்காரன், நல்ல குறட்டை.
கீழே படுத்திருக்கிறேன்.
இடமில்லை, எதையாவது அழி என்கிறது கைபேசி
இன்றைக்கும்.