மோர் சிந்திய கல்

புல எண் நானூற்றுப் பதினேழு, உட்பிரிவு இரண்டு.
அடங்கலில் ஒரே சொல்: கல்லாங்குத்து.
பழைய செட்டில்மெண்ட் ஏட்டில் மட்டும்
எவனோ ஒரு கணக்கன் பென்சிலால்
‘பள்ளிமேடு’ என்று கிறுக்கியிருக்கிறான்.

காற்றாலைக் கம்பெனியின்
கேபிள் போக வழி அளக்க வேண்டும்.
கழுகுமலைக்கு மேற்கே
பதினொரு மணிக்கே உச்சி வெயில்.
தளவாய் சங்கிலியின் மறுமுனையை
உடைமுள்ளுக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

“இங்கன பள்ளிக்கூடம் இருந்துச்சாம்”
ஆடு மேய்க்கிற முப்பிடாதி சொன்னாள்.
“கொள்ளைநோயில பிள்ளைய பூராவும் செத்துப்போச்சாம்.
அந்தா, நட்டமா நிக்கே, எல்லாம் அதுக கல்லுதான்.
வெள்ளிக்கிழம ஆரும் இந்தப் பக்கம் வரமாட்டாவ.”
“இன்னைக்கு வெள்ளிதான?”
“ஆட்டுக்கு ஏது தாயி வெள்ளியும் செவ்வாயும்.”

நின்றவை பதினொன்று. விழுந்தவை நான்கு.
சுவரென்று சொல்ல மூன்று வரிசைச் செங்கல்.
கதவு சுழன்ற குழியில் ஆட்டுப்புழுக்கை.
பாறைச் சரிவில் வரிசையாய்ப் படுக்கைகள்,
தலைப்பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை உயரம்.
பிள்ளைகள் படுக்கிற அளவில்லை.
தளவாய் ஒன்றில் நீட்டிப் படுத்துப் பார்த்தான்.
சரியாக இருந்தது.
சட்டென்று எழுந்துகொண்டான்.

எனக்குப் பசி.
வெடி வைக்கத் துளை போட்டுப்
பாதியில் விட்டுப்போன ஒரு கல்,
உட்கார வாகாய்க் கிடந்தது.
தூக்குவாளியில் மோர்ச்சோறு, கூட நார்த்தங்காய்.
முப்பிடாதியின் குட்டிக் கிடா வந்து முட்ட
மோர் பாதி கல்லில் கொட்டியது.

அப்போதுதான் எழுத்து வந்தது.
கறுத்த கல்லில் வெள்ளையாய்
சுருண்டு சுருண்டு ஐந்து வரி.
காய்வதற்குள் போனில் படமெடுத்தேன்;
கிடா நக்கத் தொடங்கியிருந்தது.
மிச்சச் சோற்றையும்
அதன்மேல் உட்கார்ந்துதான் தின்றேன்.

மூன்றாம் நாள், தாலுகா ஆபீஸ் வாசலில்,
கல்லெழுத்து படிக்கத் தெரிந்தவரிடமிருந்து பதில்:
வட்டெழுத்து. பள்ளி என்றால் சமணப் பள்ளி.
குரத்தி ஒருவரின் மாணாக்கி
இருபத்தொன்பது நாள் உண்ணாதிருந்து முடிந்திருக்கிறாள்.
அவளுக்கு நட்ட கல் இது.
பேர் இருந்த இடத்தைத் துளை தின்றுவிட்டது.
நாள் கணக்கு மட்டும் தெளிவு.
இவ்வளவு பளிச்சென்று எப்படி எடுத்தீர்கள்,
சுண்ணாம்பா?

அதற்கு நான் பதில் போடவில்லை.

இருபத்தொன்பதென்று யாரோ எண்ணியிருக்கிறாள்,
பக்கத்துப் படுக்கையில் இருந்தவள்,
ஒவ்வொரு விடியலிலும் மூக்கருகே கைவைத்து.
எண்ணியவள் அந்த நாட்களில்
என்ன சாப்பிட்டாள்,
எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து?

கேபிளை நாற்பது மீட்டர் வடக்கே தள்ளிக்
கோடு போட்டேன்.
படிவத்தில் பத்தாவது கட்டம்:
அனுபவதாரர் பெயர்.
பேனா அங்கேயே நின்றது.

தளவாய் எட்டிப் பார்த்தான்.
“காலியா விட்டா திருப்பி அனுப்புவாவ மேடம்.
ஆட்டுக்காரி பேரப் போட்டுருவமா?”